நாயின் குடலில் ஒரு பாசி



பாசி என்றதும் பீலியடிக் கல்லில் வழுக்கும் பச்சைப் படலமே நம் நினைவுக்கு வரும். சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்வது அது. அந்தக் குலத்தில், பச்சை நிறத்தையே இழந்துவிட்ட ஒரு கிளை உண்டு. புரோட்டோதீக்கா என்பது அதன் பெயர். 1894ஆம் ஆண்டில் க்ரூகர் என்னும் ஜெர்மானிய அறிஞர் மரங்களில் வடியும் சாற்றிலே அதனைக் கண்டு, பூஞ்சணம் என்றே முதலில் எண்ணினார். தன் உணவை ஆக்க இயலாத அப்பாசி, கழிவுநீரிலும் சாணத்திலும் சேற்றிலும் பிழைத்துக் கிடக்கிறது.

அந்நீரைக் குடிக்கும் நாய்களிற் பெரும்பாலானவற்றுக்குத் தீங்கு நேர்வதில்லை. மிக அரிதாகச் சில நாய்களின் பெருங்குடற் சுவரினுள் அது புகுந்து பெருகும். இரத்தமும் சளியும் கலந்த கழிச்சல் வாரக்கணக்கில் நீடிக்கும், உடல் மெலியும். கண்ணிற் பரவினால் பார்வை போகும்; மூளையிற் பரவினால் நடை தள்ளாடும்.

ஆயினும் பதுளை, பசறை, பண்டாரவளைத் தோட்டங்களில் ஒரு நாயின் மலத்திலே இரத்தம் கண்டால், முதலில் ஐயுற வேண்டியது இப்பாசியை அன்று, கொக்கிப்புழுவையே. அப்புழுவில் ஓரினம் நம் நாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1911இல் லூஸ் என்னும் அறிஞர், இலங்கைப் புனுகுப்பூனையின் குடலிற் கிடைத்த அதற்குச் 'சிலானிக்கம்' என்று பெயரிட்டார். அது நாயின் குடலிலும் வாழும். மனிதர் குடலிலும் வாழும். ஆகவே நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பது, வெறுங்காலுடன் முற்றத்தில் விளையாடும் குழந்தைக்கும் காவலாகும்.

மருந்து கொடுத்த பின்னரும் இரத்தம் நில்லாதாயின் வாளாவிருத்தல் கூடாது. அரசாங்க மிருக வைத்தியரிடம் நாயையும் அதன் மலத்தையும் கொண்டு சென்று காட்டுங்கள். அப்பாசி இருப்பின், நுண்பெருக்கியில் தோடம்பழச் சுளைகள் போல, ஓர் உறையினுள் பல அணுக்கள் அடுக்கி நிற்பதைக் காணலாம். உடலெங்கும் பரவிய பிறகு எம்மருந்தாலும் நாயைக் காப்பது பெரும்பாலும் இயலாது. நாயிடமிருந்து மனிதருக்கு இந்நோய் நேரே தொற்றுவதாக அறியப்படவில்லை.

இன்னொன்றையும் மறத்தலாகாது. தள்ளாடும் நாயைக் கண்டு, 'குடல் நோய்தானே' என்று ஒருவரும் கைவைத்தல் தகாது. விசர்நோயும் அவ்வாறே தோன்றக்கூடும். அதனைக் கல்லெறிந்து கொல்லவும் வேண்டா. பிள்ளைகளை விலக்கிவிட்டு வைத்தியருக்கு அறிவியுங்கள். கடிபட்டவர் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே கால் மணி நேரம் காயத்தைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

வடகீழ்ப் பருவ மழையில் லயத்துக் கான்கள் நிரம்பி முற்றத்தில் வழியும். காவலுக்கு நிற்கும் நாய் அந்நீரையே நக்கிக் குடிக்கிறது. கானைத் துப்புரவாக்குவது பலர் கூடிச் செய்ய வேண்டிய பணி. பீலித் தண்ணீரை ஒரு சட்டியிலே நாய்க்கு வைப்பதோ ஒருவர் கையாலேயே ஆகும். அதனை இன்றே செய்வோமாக.