கொத்துக்கறிப் பொட்டலத்தின் பின்புறம்

(ஜமாஅத் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





சென்ற ரமளானில் நோன்புக் கஞ்சிக்குக் கொத்துக்கறி வாங்கச் சென்ற என் மகன், கறிக்கடையில் கூட்டம் மிகுந்திருந்ததால், பல்பொருள் அங்காடியில் உறைந்த பொட்டலம் ஒன்றை வாங்கி வந்தான். முகப்பில் ஆட்டின் படமும் ஹலால் முத்திரையும் இருந்தன. கஞ்சியில் இட்டதும் கறி பஞ்சுபோல் ஊறி மிதந்தது. குப்பையில் எறிந்த உறையை எடுத்துப் பின்புறத்தைப் படித்தோம். ஆட்டிறைச்சி, நீர், சோயாப் புரதம், மாவுப்பொருள், உப்பு, பாஸ்பேட் என்றிருந்தது. அதில் பொய் ஏதுமில்லை; நாங்கள்தாம் படிக்கவில்லை.

சேர்மானங்களை எடையில் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இரண்டாம் இடத்தில் நீர் நின்றால், இறைச்சிக்கு அடுத்தபடியாக நாம் விலை கொடுத்தது தண்ணீருக்கே! அந்நீர் வடிந்துவிடாமல் பிடித்து வைப்பவை பாஸ்பேட்டும் சோயாவும். வெறும் கொத்துக்கறி எனில் அவ்விடத்தில் இறைச்சியின் பெயர் மட்டுமே இருக்கும்.

பணத்தை விடுங்கள். முழு இறைச்சியைக் கண்ணால் இனங்காணலாம், அரைத்தபின் இயலாது. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2013 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், மாட்டிறைச்சி பர்கர்கள் 27-ஐச் சோதித்ததில் 10-இல் குதிரையின் மரபணுவும் 23-இல் பன்றியின் மரபணுவும் காணப்பட்டன. பெரும்பாலானவற்றில் மிகச் சிறு அளவே. எனினும் உறையில் அவற்றின் பெயர் இல்லை.

நம் நாட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருந்தால் அதன் பெயரை வெளிப்படையாக எழுத வேண்டும். ஆனால் கெபாப், நக்கட் போன்றவற்றில் ஐ.என்.எஸ். 471 என்றோர் எண் வரக்கூடும். இது கொழுப்பிலிருந்து செய்யப்படும் பால்மமாக்கி; தாவரக் கொழுப்பாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். பிஸ்கட் உறையிலாவது பச்சைக் குறியைக் கண்டு ஐயம் தெளியலாம். இறைச்சி உறையிலோ பழுப்புக் குறி எப்படியும் இருக்கும். அது எவ்விலங்கு என்று சொல்லாது. ஆகவே முத்திரையைக் கண்டவுடன் நிறைவடையாமல், அதை வழங்கிய அமைப்பின் பெயரைத் தேடுங்கள். அறுப்பை மட்டும் பார்த்தனரா, சேர்மானங்களையும் பார்த்தனரா என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். பெயரில்லாத முத்திரை வெறும் சித்திரம்.

பொட்டலமே கூடாதென்பது என் கருத்தன்று. வேலைக்குச் செல்லும் நம் பெண்களுக்கு அது பேருதவி. அரைத்த கறியில் கிருமி மேற்பரப்பில் மட்டுமன்றி உள்ளும் கலந்துவிடும் என்பதால், உறைந்ததை வெளியில் வைக்காமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். உட்புறமும் நன்கு வேகட்டும்.

நான்கு உறைகள் கொண்டு வந்துள்ளேன். கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வந்து படித்துப் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் வைத்துள்ளேன்; எழுத்து அத்துணைச் சிறியது!