பந்தை உதைக்கும் காலுக்கும் கூலி உண்டு

(கானாடுகாத்தானில் வாலிபர் பந்தாட்டப் போட்டியின் பரிசளிப்பு நாளன்று நிகழ்த்திய சொற்பொழிவு)



கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து, இதற்கு விளக்கம் சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பந்தாட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவன் நம்மைப் போலத் தொழிலாளியா, அல்லது முதலாளி பக்கத்து ஆளா? இதுதான் கேள்வி. டெலிவிஷனில் கோடிக் கணக்கில் விலை பேசுகிறார்களே, அதைப் பார்த்து எழுந்த கேள்வி. நியாயமானதுதான்.

முதலில் நம் பக்கத்துப் பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். காரைக்குடிக்கு இந்தப் பக்கம் நம் கானாடுகாத்தான், அந்தப் பக்கம் கண்டனூர். கண்டனூரில் 2001-ல் பிறந்த சிவசக்தி நாராயணன் பெங்களூரு கிளப்பில் பார்வர்டாக ஆடிப் பெயர் எடுத்தவர். பார்வர்டு என்றால் முன்வரிசை ஆட்டக்காரன்; கோல் போட வேண்டிய பொறுப்பு அவன் தலையில். 2022 செப்டம்பர் 18 அன்று கல்கத்தாவில் டூரண்டு கோப்பை இறுதி ஆட்டம். மும்பை சிட்டியை 2-1 என்று பெங்களூரு ஜெயித்தது. முதல் கோல் கண்டனூர்ப் பிள்ளையின் கோல்! அந்தப் பருவத்து இந்தியன் சூப்பர் லீக்கில் 6 கோல் போட்டு, வளரும் ஆட்டக்காரருக்கான விருதும் வாங்கினார். ஆனால் 2023 மார்ச் 18 அன்று நடந்த லீக் இறுதி ஆட்டத்தில் என்ன ஆயிற்று? ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களிலேயே அடிபட்டு வெளியேற நேர்ந்தது. பருவம் முழுதும் பாடுபட்டு வந்து சேர்ந்த ஆட்டம், வேர்வை வருவதற்கு முன்பே முடிந்து போயிற்று.

இதைக் கவனியுங்கள். பார்வர்டின் முதல் எது? நிலமா, இயந்திரமா, பாங்கிப் பணமா? இரண்டு கால், ஒரு நெஞ்சுக் கூடு, அவ்வளவுதான். நாற்று நடுகிற அம்மாவின் முதுகு எப்படியோ, ரிங் பிரேம் முன்னால் நிற்கிற தொழிலாளியின் கை எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

இந்தத் தொழில் எங்கே வேர்விட்டது தெரியுமா? பஞ்சாலையில்! இங்கிலாந்தில் லங்காஷயர் ஜில்லா. நம் கைத்தறிகளை முடக்கிப் போட்ட அதே ஆலைகள். அந்த ஆலைகளில் நின்றவர்கள் நமக்கு விரோதிகளாக இருந்ததில்லை. 1931-ல் காந்திஜி டார்வென் என்ற ஆலை ஊருக்குப் போனபோது, அவருடைய பகிஷ்காரத்தால் வேலை இழந்ததாகச் சொல்லப்பட்ட பெண்களே அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

1850-ல் ஒரு சட்டம் வந்தது. சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் பஞ்சாலைகளில் வேலை வாங்கக் கூடாது என்றது. தொழிலாளர் பல வருஷம் போராடிக் கண்ட ஓய்வு அது. அந்த அரை நாள் கிடைத்த பிறகுதான் லங்காஷயரில் பந்து உருள ஆரம்பித்தது. சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம் என்ற வழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

அதுவரை பந்தாட்டக் கோப்பை பணக்காரப் பள்ளிக்கூடங்களின் சொத்து. 1883-ல் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை எதிர்த்து இறுதி ஆட்டத்துக்கு வந்தது பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி. நெசவாளி, நூற்பாளி, குழாய் வேலை செய்பவர், இரும்புப் பட்டறைத் தொழிலாளி, இப்படிப்பட்டவர்கள் சேர்ந்த அணி. வழக்கமான நேரத்தில் 1-1. கூடுதல் நேரத்தில் ஜிம்மி காஸ்ட்லி என்ற முன்வரிசை ஆட்டக்காரன் கோல் அடித்தான். காஸ்ட்லி யார்? பஞ்சாலையில் நூல் நூற்றவன்! அதற்கப்புறம் கூலி வாங்காத கனவான்களின் அணி எதுவும் அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை.

கனவான்களுக்குக் கோபம் வராதா? காசு வாங்கி ஆடுவது கேவலம் என்றார்கள். வயிறு நிறைந்தவனுக்கு ஆட்டம் பொழுதுபோக்கு. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தால் அடுப்பு எரியாதவன் என்ன செய்வான்? பிரஸ்டன் என்ற ஊரில் ஆலை மானேஜர் சடல், ஆட்டக்காரர்களுக்கு வேலையும் பணமும் கொடுத்துத் திரட்டினார். 1884-ல் அதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். கோப்பைப் போட்டியிலிருந்து அணியை விலக்கினார்கள். ஆனால் 1885-ல் கூலி வாங்கி ஆடுவதை அனுமதிக்க வேண்டி வந்தது. (இந்தச் சடல் பிறகு ஆலைப் பணத்தைக் கையாண்டு சிறைக்குப் போனார். அது வேறு கதை.)

கூலி சட்டபூர்வமாயிற்று, பிடியும் கூடவே வந்தது. 1901-ல் வாரம் 4 பவுனுக்கு மேல் எந்த ஆட்டக்காரனுக்கும் கொடுக்கக் கூடாது என்று விதித்தார்கள். நில உச்சவரம்பு நாம் கேட்டிருக்கிறோம். கூலிக்கு உச்சவரம்பு கேள்விப்பட்டிருக்கிறோமா? அது 60 வருஷம் நின்றது. 1961-ல் ஒழிந்தபோது 20 பவுனில் இருந்தது.

கூலியை விடக் கொடியது இன்னொன்று. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. வருஷம் முடிந்ததும் ஆட்டக்காரன் வேறு கிளப்புக்குப் போக நினைத்தால் பழைய கிளப் விட வேண்டும். விடாவிட்டால் அவன் எங்கும் ஆட முடியாது. அவர்கள் சொல்கிற ஊதியத்தை ஒப்புக்கொள்ளாதவனுக்குச் சம்பளமும் கிடையாது. விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பண்ணையாள் முறை என்று நம் பாட்டன் காலத்தில் அதற்குப் பெயர். விற்கிறதும் உண்டு. மாட்டுத் தாவணியில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, மாட்டுக்கு அந்த விலை தெரியுமா?

பிரஸ்டனில் டாம் பின்னி என்று ஒரு மகத்தான முன்வரிசை ஆட்டக்காரர். குழாய் வேலை தெரிந்தவர்; பந்தாடிக்கொண்டே அந்தத் தொழிலையும் விடாமல் செய்தார். 1952-ல் இத்தாலியில் பலெர்மோ கிளப் 10,000 பவுன் முன்பணம் கொடுத்து அழைத்தது. அன்று இங்கிலாந்தில் உச்சக் கூலி வாரம் 14 பவுன். கிளப் முடியாது என்றது. கதை முடிந்தது. இங்கிலாந்துக்காக 76 ஆட்டம் ஆடி 30 கோல் போட்ட மனிதர், 1960-ல் ஓய்வு பெறும்வரை பிரஸ்டனிலேயே இருந்தார்.

இனி நான் சொல்ல வந்த இரண்டு பேர். இருவரும் பார்வர்டு. இருவரும் 1936-ல் பிறந்தவர்கள். ஒருவர் இங்கிலாந்தில் பிளாக்பூல் ஊரில் பிறந்த ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். மற்றவர் செகந்தராபாத் பட்டாளப் பகுதியை ஒட்டிய அம்முகூடாவில், பிழைப்புக்காகப் போன தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம்.

ஈஸ்ட்ஹாம் நியூகாசில் கிளப்பில் ஆடினார். கொடுத்த வீடு சரியில்லை, வெளி வேலை பற்றிய வாக்கும் நிறைவேறவில்லை என்று அவர் வேறு கிளப்புக்குப் போகக் கேட்டார். முடியாது என்றது கிளப். என்ன செய்தார்? 1960-ல் பந்தைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்தார்! தனி ஆள் வேலைநிறுத்தம். இங்கிலாந்தின் தென் பகுதிக்குப் போய்க் கார்க் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்துச் சாப்பிட்டார். மாதங்கள் ஓடின. கடைசியில் நியூகாசில் அவரை 47,500 பவுனுக்கு அர்சனல் கிளப்புக்கு விற்றது. கேட்ட இடம் கிடைத்துவிட்டது. வேறொருவராக இருந்தால் பேசாமல் இருந்திருப்பார். ஈஸ்ட்ஹாம் கோர்ட்டுக்குப் போனார். செலவை ஆட்டக்காரர் சங்கம் ஏற்றது.

அந்தச் சங்கம் 1907-ல் மான்செஸ்டரில் உருவானது. முன்னின்றவர் பில்லி மெரிடித். அவரும் முன்வரிசை ஆட்டக்காரர், 12 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 1909-ல் சங்கத்தை விட்டு விலகாதவன் ஆட முடியாது என்று மேலிடம் மிரட்டியபோது, மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலக மறுத்தார்கள். 'தள்ளி வைக்கப்பட்டவர்கள்' என்று பலகை எழுதி வைத்துக்கொண்டு படம் பிடித்துக்கொண்டார்கள். எப்படிப்பட்ட நெஞ்சுரம்!

1960 கடைசியில் உச்சக் கூலியை எதிர்த்து அதே சங்கத்தின் கூட்டம் நடந்தது. ஓர் இளம் ஆட்டக்காரன் எழுந்து, என் அப்பா சுரங்கத்தில் வாங்குவதைவிட நமக்கு அதிகம் கிடைக்கிறதே, இன்னும் ஏன் கேட்க வேண்டும் என்றான். கூட்டம் தடுமாறியது. போல்டன் கிளப் தடுப்பாட்டக்காரர் டாமி பாங்ஸ் எழுந்தார். உன் அப்பாவின் வேலையை நான் சுரங்கத்தில் இறங்கிச் செய்கிறேன். சனிக்கிழமை ஸ்டான்லி மாத்யூஸைத் தடுத்து நிறுத்த உன் அப்பா வரட்டும் என்ற பொருளில் சொன்னார். மாத்யூஸ் அந்நாளில் யாராலும் மறிக்க முடியாத முன்வரிசை ஆட்டக்காரர். கூட்டம் சிரித்தது, வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கியது. 1961 ஜனவரியில் உச்சவரம்பு ஒழிந்தது. பூலம் கிளப்பின் பார்வர்டு ஜானி ஹேன்ஸ் அந்த வருஷமே வாரம் 100 பவுன் வாங்கினார். வேலைநிறுத்தம் நடக்கவே வேண்டியிருக்கவில்லை. நடக்கும் என்று முதலாளிகள் நம்பியதே போதுமானதாயிற்று.

1963 ஜூலை 4. நீதிபதி வில்பர்போர்ஸ் ஈஸ்ட்ஹாம் வழக்கில் தீர்ப்புச் சொன்னார். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனைப் பிடித்து வைத்துக்கொள்வது, தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்றார்.

அதே 1963-ல் நம் பலராமுக்கு என்ன நேர்ந்தது?

ஏழை வீட்டுப் பிள்ளை. முதல் பூட்ஸ், போலீஸ்காரர் கழித்துப் போட்ட பூட்ஸைக் கொண்டு செருப்புத் தைப்பவரிடம் தைத்து வாங்கியது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஐதராபாத்தின் பெரிய பயிற்சியாளர் ரஹீம் கண்ணில் பட்டார். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இடம். இந்தியா நான்காவதாக வந்த ஒலிம்பிக் அது. 1957-ல் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார். 1961-ல் அவர் தலைமையில் அந்த கிளப் 9 வருஷத்துக்குப் பிறகு கல்கத்தா லீக்கை வென்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி 2-1 என்று நம்மை வென்றது. நமக்கு அந்த ஒரு கோல் போட்டவர் பலராம். அந்த ஹங்கேரி பிறகு வெண்கலம் வாங்கிய அணி. நம் தஞ்சைச் சீமைக்காரர் சைமன் சுந்தரராஜும் அந்த ரோம் அணியில் இருந்தார். 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். மைதானம் முழுதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். அதற்கு நடுவே தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் கொண்டு வந்த அணியிலும் பலராம் உண்டு. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில்தான் வங்காளத்தில் சொல்வார்கள்.

இத்தனைக்கும் அவருக்கு 'தொழில்முறை ஆட்டக்காரன்' என்ற பெயர் கிடையாது. ஒலிம்பிக் விதி அப்படி. ரயில்வேயில், போலீஸில், பட்டாளத்தில் ஒரு வேலை கொடுப்பார்கள். மாலையில் அவன் காலில் கிளப்பின் மானம் இருக்கும். மாதக் கடைசியில் குமாஸ்தாச் சம்பளம் கையில் இருக்கும். டிக்கெட் வசூல் எங்கே போயிற்று என்று கேட்க அவனுக்குச் சங்கம் இல்லை. 1963-ல் பலராம் ரயில்வே அணியான பி.என்.ஆருக்கு வந்தார். நுரையீரல் நோய் பிடித்தது. ஓட மூச்சு இல்லை. 27 வயதுக்குள் ஆட்டம் முடிந்தது.

ஆலைத் தோழர்களே, பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, 40 வயதில் மாடிப்படி ஏற முடியாமல் நிற்கிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பலராமின் நெஞ்சு பழுதானபோது கிளப்பின் கொடி அப்படியே பறந்தது. அடுத்த பருவம் வேறு பார்வர்டு வந்தார். அர்ஜுனா விருது 1962-ல் கொடுத்தார்கள். கூட ஆடிய சுனிக்கு 1983-ல், பி.கே.வுக்கு 1990-ல் பத்மஸ்ரீ வந்தது. பலராமுக்குக் கடைசிவரை வரவில்லை. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் தனி ஆளாக வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16 அன்று 86 வயதில் காலமானார். பிளாக்பூல்காரர் ஈஸ்ட்ஹாம் 35 வயதிலும் ஆடினார். 1972-ல் ஸ்டோக் கிளப்புக்கு லீக் கோப்பையை வென்று கொடுத்த கோல் அவருடையது. 2024 டிசம்பரில் அவரும் மறைந்தார். உடம்பு வாகு ஆளுக்கு ஆள் வேறு என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோய் வந்த நாளில் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது உடம்பு வாகைப் பொறுத்ததா?

அதெல்லாம் பழைய கதை, இன்றைக்குத்தான் கோடிகள் புரள்கின்றனவே என்பீர்கள். 1996-ல் தேசிய லீக், 2007-ல் ஐ-லீக், 2014-ல் சூப்பர் லீக் என்று வந்தது உண்மை. பிறகு நடந்ததையும் பாருங்கள். நாட்டின் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதிது கையெழுத்தாகவில்லை என்று 2025 ஜூலையில் லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டு பிறந்ததும், நம் சிவசக்தி கோல் போட்ட அதே பெங்களூரு கிளப், முதல் அணி ஆட்டக்காரர் சம்பளத்தையும் ஊழியர் சம்பளத்தையும் காலவரையின்றி நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. சென்னையின் கிளப்பும் அதே வாரத்தில் அதே வழியில் போனது. பெரிய இடத்தில் இரண்டு தரப்பார் கையெழுத்துப் போடவில்லை. பந்து துடைக்கிற பையனுக்கும் சம்பளம் நின்றது! கதவடைப்பு என்று ஆலையில் இதைத்தான் சொல்கிறோம்.

நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்கும் சங்கம் உண்டு, 2006-ல் அமைத்தார்கள். முதல் தலைவர் சிக்கிம்காரர் பாய்ச்சுங் பூட்டியா, அவரும் பார்வர்டு. 1999-ல் அவர் இங்கிலாந்துக்குப் போய் ஆடிய கிளப் இருப்பது பரி என்ற ஊரில். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள பழைய லங்காஷயர் பஞ்சாலை ஊர் அது.