பலகையின் அடியில் உள்ள ஆண்டு
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பாடசாலையின் நூற்றாண்டில் பேச வந்தவர்கள் அமெரிக்க மாட்டுப் பண்ணைகளைப் பற்றிப் பேசுகிறார்களே என்று கோபிக்க வேண்டாம். காரணம் முடிவில் விளங்கும்.

சென்ற வருடம் எங்கள் வகுப்புத் தோழிகள் நால்வர், டலஸ் நகரில் வாழும் எங்களில் ஒருத்தியின் வீட்டில் கூடினோம். ஒருநாள் காரில் மேற்கே புறப்பட்டு யங் கவுன்ரிக்குப் போனோம். முட்கம்பி வேலி, மேயும் மாடுகள், ஓயாத காற்று. வீதியோரத்தில் அடிக்கடி வரலாற்றுப் பலகைகள் நின்றன. ரெக்சாஸ் மாநிலத்தில் இப்படி 16,000க்கு மேல் உண்டு. மெக்சிக்கோவிடமிருந்து பிரிந்த நூற்றாண்டை 1936இல் கொண்டாடியபோது கல்லில் நாட்டியவை சில. 1962 முதல் அலுமினியத்தில் வார்த்து வைத்தவை பல. இவற்றின் அடியில் வைத்த ஆண்டும் இருக்கும்.

நாங்கள் எல்லோரும் வைத்தியர்கள். வாட்டில் ரிக்கற்றைக் கையில் எடுத்தால் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, யார் எழுதினார், எப்போது எழுதினார் என்றும் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் பலகைகளையும் அப்படியே வாசித்தோம்.

1851இல் கட்டிய பெல்னப் கோட்டை, 1877இல் கிரகாம் ஊரில் மாட்டுப் பண்ணைக்காரர் கூடி அமைத்த சங்கம் ஆகியவற்றை அந்த மாவட்டம் பெருமையாக நினைவில் வைத்திருக்கிறது. 1871 மே மாதம் கயோவா வீரர்கள் ஒரு வண்டித் தொடரைத் தாக்கி ஏழு வண்டிக்காரரைக் கொன்றதையும் மறக்கவில்லை. கயோவாத் தலைவர்கள் இருவர் பக்கத்து ஊரான ஜக்ஸ்பரோவில் விசாரிக்கப்பட்டு மரணதண்டனை பெற்றார்கள். பின்னர் அது ஆயுள் தண்டனையானது. இறந்த எழுவரும் கூலிக்கு வண்டி ஓட்டியவர்கள். அவர்களுக்கு நினைவுக்கல் வைத்தது சரியே.

அன்றிரவு வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியபோது இன்னொரு எழுவரைக் கண்டோம். அதே மாவட்டத்தில் 1850களில் கடோ, அனடார்கோ, வேக்கோ முதலிய பூர்வகுடி மக்களுக்கென்று பிறாசோஸ் ஆற்றங்கரையில் நிலம் ஒதுக்கியிருந்தார்கள். அவர்கள் சோளம் விதைத்தார்கள், மாடு வளர்த்தார்கள். ஒரு பாடசாலையும் இருந்தது. வேறு கூட்டத்தார் செய்த கொள்ளைகளுக்கும் குடியேறியவர்கள் இவர்கள் மீதே பழி போட்டார்கள். 1858 டிசெம்பரில், ஒதுக்கிடத்துக்கு வெளியே கூடாரமடித்து உறங்கியவர்களைச் சுட்டதில் ஆண்களும் பெண்களுமாக எழுவர் இறந்தார்கள். அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. நாங்கள் போன வீதிகளில் அவர்களுக்கு ஒரு பலகையையும் காணவில்லை.

1859 ஓகஸ்ட் மாதம் 1,000க்கு மேற்பட்டோர், மாடுகளில் பலவற்றை விட்டுவிட்டு, செவ்வாற்றைக் கடந்து வடக்கே போனார்கள். பாடசாலையும் அத்தோடு முடிந்தது. கூட்டிப்போன அரச முகவர் ரொபர்ட் நெய்பர்ஸ், இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்ததற்கு அந்தப் பயணத்தை ஒப்பிட்டு மனைவிக்குக் கடிதம் எழுதினார். செப்ரெம்பர் 14ஆம் திகதி பெல்னப்புக்குத் திரும்பிய இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மக்களுக்காகப் பேசியதே அவருக்குப் பகையைத் தேடித் தந்தது.

இதை வாசித்தபோது நால்வரும் சற்று நேரம் பேசவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு மழையில் நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது நாங்கள் எட்டாம் வகுப்பு. எங்கள் கொப்பிகளையும் மேசையிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தோம்.

அந்தப் பலகைகள் பொய் சொல்லவில்லை. வைத்தவர்களுக்கு யாரைத் தெரியுமோ, யார் முக்கியமோ, அவர்களை எழுதினார்கள். இப்போது ரெக்சாஸில், சொல்லாமல் விட்ட கதைகளுக்கென்றே தனியாகப் பலகைகள் வைக்கிறார்கள். பிந்தியென்றாலும் அது நல்ல வேலை.

எங்கள் பாடசாலையும் இப்போது நூற்றாண்டுக் கல் நாட்டப் போகிறது. அதிபர்கள், கொடையாளர்கள் பெயர் வரும், வர வேண்டியதே. அவர்களோடு விடுதியில் எங்களுக்குச் சோறாக்கிய அம்மாமார், காலையில் மணியடித்த ஐயா, இடம்பெயர்ந்து போய்ப் பிறகு வகுப்புக்குத் திரும்பாத பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களும் வேண்டும். இடாப்புகள் பல இன்று இல்லை. உங்கள் ஞாபகம்தான் இடாப்பு. எங்கிருந்தாலும், தெரிந்த ஒரு பெயரையாவது சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். கல்லின் அடியில் ஆண்டையும் மறக்காமல் பொறிப்போம். நாங்கள் விட்டதை அடுத்து வரும் தங்கைமார் சேர்த்துக்கொள்ளட்டும்.