உட்கருவின் செவி
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



செய்யுளின் உறுப்புகளை எண்ணிய தொல்காப்பியர், கூற்றை அடுத்துக் கேட்போரையும் ஓர் உறுப்பாக வைத்தார். சொல்லுக்குச் செவி வேண்டும் என்பது கவிஞர் நன்கறிந்த உண்மை. உயிரணுவுக்குள்ளும் அத்தகைய செவி ஒன்று உண்டு எனக் காட்டியவர் எல்வுட் ஜென்சன் என்னும் அமெரிக்க அறிவியலாளர்.

1920இல் வடக்கு டக்கோட்டா மாநிலத்துப் பார்கோ நகரில் பிறந்த ஜென்சன், சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை இயக்குநீர் குருதி வழியே உடலெங்கும் பரவுகிறது. ஆயினும் கருப்பை முதலிய சில உறுப்புகளே அதனால் தூண்டப்பட்டு வளர்கின்றன. இஃது ஏன்? இயக்குநீர் நொதிகளோடு கூடி வேதிமாற்றம் அடைவதனாலேயே செயற்படுகிறது என்பது 1950களில் பலருடைய கருத்து. இயக்குநீர் உறுப்பை என்ன செய்கிறது என்று மற்றவர் கேட்டிருக்க, உறுப்பு இயக்குநீரை என்ன செய்கிறது என்று ஜென்சன் கேட்டார்.

மிக நுண்ணிய அளவில் செயற்படும் பொருளை எடையிட்டுத் தேட இயலாது. ஆகவே அவரும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் டிரிட்டியம் என்னும் கதிர்வீசும் ஹைட்ரஜனை அதில் ஏற்றி, பருவம் எய்தாத எலிகளுக்குச் செலுத்தினர். தசை அதனைப் பெற்று விரைவில் விட்டுவிட்டது. கருப்பையோ நெடுநேரம் பற்றி வைத்திருந்தது. அங்கே இயக்குநீரின் வேதி வடிவமும் மாறவில்லை. அதனைப் பற்றிக்கொள்ளும் பொருள் ஒன்று அங்கு இருத்தல் வேண்டும். அதுவே ஏற்பி எனப்படும் புரதம்.

1958இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டு உயிர்வேதியியல் மாநாட்டில் இதனை அவர் எடுத்துரைத்தபோது, கேட்க வந்திருந்தவர் ஐவரே. அவருள் மூவர் அதே அமர்வில் பேச வந்தவர்கள்.

ஜென்சன் தளரவில்லை. 1968இல் அவரும் உடன் ஆய்ந்தோரும் ஒரு விளக்கம் தந்தனர். ஏற்பி உட்கருவுக்கு வெளியே காத்திருக்கிறது. இயக்குநீர் பொருந்தியதும் தன் இயல்பு மாறி உட்கருவினுள் புகுந்து, மரபணுக்களின் செயலைத் தூண்டுகிறது என்றனர். பின்னர் அவரும் ஜெஃப்ரி கிரீனும் ஏற்பியை இனங்காட்டும் எதிர்ப்பொருள்களை உருவாக்கினர். 1984இல் அவற்றைக் கொண்டு நோக்கியபோது, ஏற்பி தொடக்கம் முதலே பெரும்பாலும் உட்கருவில்தான் இருக்கிறது என்பது வெளிப்பட்டது. அவர் ஆக்க உதவிய கருவியே அவருடைய விளக்கத்தின் ஒரு பகுதியைத் திருத்தியது. செவி உண்டு என்னும் அடிப்படை உண்மை நிலைத்தது. அதன் இருப்பிடம் மேலும் தெளிவாயிற்று.

இதனால் மாந்தர்க்கு விளைந்த பயன் பெரிது. முற்றிய மார்பகப் புற்றுநோய் உற்ற பெண்டிர்க்குச் சூலகத்தையோ அட்ரீனல் சுரப்பியையோ அறுத்து அகற்றுவது அந்நாளைய மருத்துவம். ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கே நோய் தணிந்தது. ஏனைய இருவர் வீணே கத்திக்கு ஆளாயினர். அந்த ஒருவர் யார் என முன்னறிய வழி இல்லை. கட்டியில் ஏற்பி உண்டா எனச் சோதித்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும் என்று 1970களின் தொடக்கத்தில் ஜென்சன் காட்டினார். ஏற்பி இல்லாத கட்டிக்கு இயக்குநீரைத் தடுத்துப் பயன் இல்லை. ஏற்பி மிகுந்த கட்டிக்குப் பயன் உண்டு. 1977இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டமாக்சிஃபென் என்னும் மருந்து, கட்டியின் அந்தச் செவியையே அடைக்கிறது. கத்தி செய்த வேலையைப் பலருக்கு மாத்திரை செய்தது.

2004இல் பியர் ஷாம்போன், ரொனால்டு எவன்ஸ் ஆகியோருடன் ஜென்சனுக்கு லாஸ்கர் விருது வழங்கப்பெற்றது. 2012இல் அவர் மறைந்தார். இன்று மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டால், மருத்துவர் முதலில் தேடும் செய்திகளுள் ஏற்பியும் ஒன்று.

வியன்னாவில் ஐவர் கேட்ட உரை அது. பாடும்போது அவையின் அளவை எண்ணி வருந்தும் கவிஞர், அந்த ஐவரையும் நினைவிற் கொள்க.