நிலையற்ற காலமும் தலைமையும்

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் கடலோர வீதியில், நிலாவெளியைத் தாண்டியபின் வருவது குச்சவெளி. கடலை நம்பியும் மழையை நம்பியும் வாழும் எங்கள் மக்களுக்கு நாளை என்பது என்றுமே ஐயத்துக்குரியதுதான். அதனோடு, 1983 முதல் 2009 வரை நீடித்த போர், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, 2020இல் பரவிய கொள்ளைநோய், 2022இல் நேர்ந்த பொருளாதார முடக்கம் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஐம்பதைக் கடந்த என் போன்றோர், அமைதியாகக் கழித்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்தகைய காலத்தில் ஒரு வீட்டுக்கோ, பாடசாலைக்கோ, ஊருக்கோ தலைமை தாங்குவோர் செய்ய வேண்டுவது யாது? இதுவே இன்றைய என் பேச்சின் பொருள்.

தலைவன் எல்லாம் அறிந்தவன்போலப் பேசினால்தான் மக்கள் கலங்காதிருப்பர் என்று நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்பதை ஒரு மாணவனை இழந்தே கற்றுக்கொண்டேன்.

2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டன. சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் திறக்கப்படும் என்பதே அப்போதைய எதிர்பார்ப்பு. பெற்றோர் கேட்டபோதெல்லாம், "ஏப்ரல் 20ஆம் திகதி திறப்போம், ஐயம் வேண்டாம்" என்றேன். அந்நாள் கடந்தது. மே மாதம் என்றேன். அதுவும் கடந்தது. ஜூலையில் வகுப்புகள் படிப்படியாகத் தொடங்கியபின், நன்கு படித்துவந்த பத்தாந்தர மாணவன் ஒருவனைக் காணவில்லை. அவன் வீட்டுக்குச் சென்றேன். தகப்பனோடு கடற்றொழிலுக்குப் போய்விட்டான். "சேர், நீங்கள் சொன்ன திகதியை இரண்டு தரம் நம்பினோம். மூன்றாந்தரம் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை" என்றார் தாயார். அவர் குரலில் கோபமில்லை. அதனாலேயே அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

திரும்பும் வழியில் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தனர். சற்று நின்று பார்த்தேன். "இன்று மீன் நிச்சயம்" என்று எந்தச் சம்மாட்டியும் வாக்களிப்பதில்லை. வலையை எங்கே விடுவது, கயிற்றில் யார் எங்கே நிற்பது, மீன் பட்டால் பங்கு எவ்வாறு என்பவற்றையே அவர் சொல்கிறார். சொன்னதில் தவறாதிருந்தால், வெறும் வலை வந்த நாளுக்கு மறுநாளும் ஆட்கள் கயிற்றைப் பிடிக்க வருகின்றனர்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. எங்கள் ஆசிரியர் பலர் தொலைவிலிருந்து வருபவர்கள். பேருந்து அரிதாயிற்று, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. பாடசாலை வாரத்தில் 3 நாள் மட்டும் நடந்த காலமும் உண்டு. இம்முறை பெற்றோரை மரநிழலில் கூட்டி, "எரிபொருள் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. எத்தனை ஆசிரியர் வருவர் என்றும் தெரியாது. ஆனால், பாடசாலை நடக்கும் நாளில் ஏழரைக்கு மணி அடிக்கும். நான் வாசலில் நிற்பேன். ஆசிரியர் இல்லாத வகுப்பில் மூத்த மாணவர் இளையோருக்கு வாசித்துக் காட்டுவர். மாற்றம் எதுவாயினும் முதல் நாளே சொல்லியனுப்புவேன்" என்றேன்.

வரவு உடனே பெருகிவிடவில்லை. ஆயினும் நாளடைவில் பிள்ளைகள் வந்தனர். கடலுக்குப் போன அந்த மாணவன் திரும்பவில்லை. அவன் தங்கை வந்தாள்.

திருக்குறளில் அரசனுக்குரியனவற்றைக் கூறும் அரசியல் என்னும் பகுதியின் இறுதி அதிகாரம் 'இடுக்கண் அழியாமை'. துன்பத்தில் உளம் தளராமையையும் ஆள்வோனுக்கு வேண்டிய பண்பாகவே வள்ளுவர் வைத்தார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

நேயர்களே, "தெரியாது" என்று ஒப்புக்கொள்வது தலைமைக்கு இழுக்கன்று. ஆயினும் அச்சொல்லோடு நின்றுவிட்டால் அது கைவிடுதலாகிவிடும். தெரியாததைத் தெரியாதென்று கூறி, நம்மால் இயன்ற சிறியதொன்றை வாக்களித்து, அதனைத் தவறாது செய்ய வேண்டும். வீட்டில் பிள்ளை "நாளை என்ன ஆகும்?" என்று கேட்டாலும் இதுவே விடை. நாளையை நாம் ஆள இயலாது. நாளைக் காலை மணியை உரிய நேரத்தில் அடிக்க இயலும்.