சீயக்காயும் எலுமிச்சையும்

வீட்டுப் பொருள்களைக் கொண்டே முடியையும் தோலையும் பேணுவது நம் பழைய வழக்கம். அவ்வழக்கத்தின் காரணத்தையும் எல்லையையும் அறிந்திருத்தல் நலம்.

எண்ணெய் முழுக்கின்போது சீயக்காய்த் தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்க்கிறோம். சீயக்காயிலுள்ள சப்போனின் என்னும் பொருள் நீரில் நுரைத்து, எண்ணெயையும் அழுக்கையும் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. கிணற்றுக் கடினநீரில் அது திரிந்து முடியில் படிந்துவிடும். சற்றே புளிப்புத் தன்மையுடைய சீயக்காய் அவ்வாறு படிவதில்லை. கண்ணில் படாமல் மட்டும் காத்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும், இயற்கைப் பொருள்கள் எல்லாம் தீங்கற்றவை என்று எண்ணலாகாது. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் மாணவி ஒருத்தி, நிறம் வெளுக்கும் என யாரோ சொல்லக் கேட்டு, முகத்தில் எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தாள். இரண்டு நாளில் கன்னம் சிவந்து கொப்பளித்தது. பின்னர்க் கருந்திட்டுகள் பல வாரம் நின்றன. எலுமிச்சையிலுள்ள சில பொருள்கள் தோலில் இருக்கையில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், தோல் வெந்துவிடும். வெளுக்கப் பூசியது கறுக்கச் செய்தது.

கறுப்பு நிறம் நோயன்று. கழுவிப் போக்க வேண்டிய அழுக்கும் அன்று. இதனைப் பெற்றோர் தம் பெண்மக்களுக்கு இளமையிலேயே எடுத்துரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.