பாதிரியார் எழுதிவைத்த சாமிகள்



சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் எது என்று கேட்டால், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். 1827-ல் எழுந்த கோயில் அது. நாராயண பிள்ளையோடு சேர்ந்து நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்து மக்கள் எழுப்பியது. சிராங்கூன் சாலைக்கு வந்தால் வீரமாகாளியம்மன். கடல் கடந்து வந்த தமிழர், ஊரைக் காக்கும் அம்மனைக் கையோடு கூட்டி வந்தார்கள்.

அதே நாகப்பட்டினக் கரையில், அந்தக் கோயில் எழுவதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி, ஐயனார் என்று ஊர்த் தெய்வங்களை வரிசைப்படுத்தி ஒருவர் பெரிய புத்தகம் எழுதினார். அவர் பக்தர் அல்லர். புலவரும் அல்லர். இந்தச் சாமிகளை மக்கள் கைவிட வேண்டும் என்பதற்காகவே கப்பலேறி வந்த ஜெர்மானியப் பாதிரியார், பார்த்தலோமேயு சீகன்பால்கு.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாத அந்த இளைஞர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி படித்தார். டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக இருந்த அழகப்பன் அவருக்குத் துணை. ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாங்கினார். இரண்டே ஆண்டில், 1708-ல், நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விவரக் குறிப்பு எழுதிவிட்டார். கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்தார். மறுக்க வந்தவர் முதலில் படித்தார். இதற்காகவாவது அவருக்கு ஒரு வணக்கம் வைக்க வேண்டும்.

1713-ல் தெய்வங்களைப் பற்றிய அந்தப் புத்தகத்தை முடித்து, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருந்த பெரியவர்களுக்கு அனுப்பினார். அவர்களுக்கோ கோபம். அஞ்ஞானத்தை வேரறுக்கப் போனவர், அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று நினைத்தார்கள். கையெழுத்துப்படி அலமாரிக்குள் போயிற்று. 154 ஆண்டு கழித்து, 1867-ல்தான் சென்னையில் அது அச்சேறியது. எழுதியவரோ 1719-லேயே, 36 வயதில், தரங்கம்பாடியில் கண்மூடிவிட்டார்.

பழைய சமயத்தை வேறு சமயத்துக்காரர் எழுதிவைத்த கதை உலகத்தில் புதிதல்ல. அரசரின் பேர் வந்ததால் அவர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஐஸ்லாந்துக்கும் ஒரு நடை போய்வரலாம். வட ஐரோப்பிய மக்கள் ஒரு காலத்தில் ஓடின், தோர், பிரேய் என்ற தெய்வங்களை வணங்கினார்கள். ஆங்கிலத்தில் வியாழக்கிழமைக்குப் பேர் கொடுத்தவர் அந்தத் தோர்தான். கி.பி. 1000 வாக்கில் ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது. 200 ஆண்டுக்கு மேல் கழிந்தபின், 1220 வாக்கில், ஸ்நோரி ஸ்டர்லுசன் என்ற கிறிஸ்தவப் பிரபு அந்தப் பழங்கதைகளை எழுதினார். ஏன்? இளம் கவிஞர்களுக்குப் பழம்பாட்டு புரியவில்லை. அந்தப் பாட்டுகளில் தங்கத்துக்கு "சிஃபின் கூந்தல்" என்று பேர். சிஃப் தேவியின் கூந்தல் அறுபட்டு, அதற்குப் பதிலாகப் பொன்னால் கூந்தல் செய்த கதை தெரியாதவனுக்கு அது வெறும் உளறல். ஆலகால விஷத்தின் கதை தெரியாதவனுக்கு நீலகண்டன் என்ற சொல் எப்படியோ, அப்படி.

அந்தத் தெய்வங்களைப் பாடும் பழம்பாடல் சுவடி ஒன்று 1643-ல் ஒரு லூத்தரன் பிஷப்பின் கைக்கு வந்தது. பிரின்யோல்பூர் ஸ்வெயின்சன் என்று பேர். அதை அவர் எரிக்கவில்லை. 1662-ல் டென்மார்க் அரசர் மூன்றாம் பிரடெரிக்குக்கு அனுப்பிவைத்தார். சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியவர் அந்த அரசரின் பேரன்! சுவடி 1971-ல் ஐஸ்லாந்துக்குத் திரும்பியபோது துறைமுகமே மக்கள் கூட்டத்தால் நிறைந்தது.

இரண்டு கதைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஸ்நோரி எழுதியபோது ஓடினைக் கும்பிடுபவர் நாட்டில் இல்லை. ஓடினும் கூட்டத்தாரும் டிராய் நகரத்திலிருந்து வந்த மனிதர்கள் என்று அவர் முன்னுரையில் எழுதினார். "அப்படியல்ல ஐயா" என்று மறுக்க ஆள் இல்லை. 1973-ல் ஐஸ்லாந்து அரசு அங்கீகரித்த புதிய ஓடின் வழிபாட்டினரும் கிறிஸ்தவர் எழுதிவைத்ததையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

தரங்கம்பாடியில் நடந்தது வேறு. 1712-லிருந்து சீகன்பால்குவும் உடன் ஊழியரும் தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். பதில் வந்தது. சும்மா வரவில்லை, குடிப்பதையும் மாட்டிறைச்சி தின்பதையும் சுத்தமில்லாமல் இருப்பதையும் சுட்டிக்காட்டி, கிறிஸ்தவர்களைத் திருப்பிக் கேட்டது. அந்தக் கடிதங்களும் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. ஆகவே அவருடைய புத்தகத்தில் பாதிரியாரின் தீர்ப்பும் இருக்கிறது, ஊர்க்காரரின் குரலும் இருக்கிறது. படிப்பவர் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தெய்வங்களுக்கு வம்சாவளி கட்டி, பரம்பொருளை மேலேயும் ஊரம்மனைக் கீழேயும் அடுக்கி வைத்த வரிசை அவருடைய பேனாவில் பிறந்தது. மாரியம்மனைத் தாய் என்று கும்பிடுபவர் அவளை எந்தப் படியில் வைக்கிறார் என்பது அந்த வரிசைக்குள் அடங்காது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு, சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்கு நடந்து வந்து பக்தர்கள் தீ மிதிக்கிறார்கள். அவர்களில் யாரிடமாவது அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டினால், எது சரி, எது பாதிரியாரின் எண்ணம் என்று சொல்லிவிடுவார். தமிழரான ஆய்வாளர் டேனியல் ஜெயராஜின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு 2005-ல் வெளிவந்திருக்கிறது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு, தீ மிதிப்பவர்களிடமும் கேட்டு எழுதும் ஒரு குறிப்புரைக்கு இன்னும் இடமிருக்கிறது.